இனிப்புநீர், இருதயம், சிறுநீரகம்... நடுவில் ஒரு கண்

"தம்பி, ஜன்னல் கண்ணாடியில யாரு மை ஊத்துனது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. ஜன்னல் சுத்தமாகத்தான் இருந்தது. அவர் வலது கண்ணை மூடச் சொன்னேன். "இப்ப மை இல்ல" என்றார். இடது கண்ணை மூடச் சொன்னேன். "இப்ப மழை மாதிரி எறங்குது" என்றார். மை ஜன்னலில் இல்லை. அவருடைய வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினாறு வயதில் பால்மரம் சீவத் தொடங்கியவர். விடியற்காலை இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிய பட்டையை மட்டும் சீவி எடுத்த கண்கள் அவை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபின் சுங்கை பட்டாணிக்குக் குடிவந்தார். இனிப்புநீர் வந்து பத்தொன்பது வருடம். இரத்தக் கொதிப்பு அதற்குத் துணை. இருதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட். கடந்த ஆண்டிலிருந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அவருடைய மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நடந்தால் கிலுகிலுப்பை போலச் சத்தம் கேட்கும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கலாம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், நோய் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. 2014-இல் நடந்த தேசிய கண் ஆய்வில், ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாகக் கண்புரை வந்தது. இரண்டாவது இடம், 10.4 விழுக்காட்டுடன், நீரிழிவு விழித்திரை நோய்க்கு. கண்புரையால் போன பார்வையைப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் மீட்டுவிடலாம். விழித்திரை கெட்டுப் போனால் பெரும்பாலும் மீட்க முடியாது.

படிவம் மூன்று அறிவியல் நூலின் முதல் பாடத்திலேயே கண்ணின் படம் இருக்கிறது. மாணவர்கள் விழித்திரையையும் மஞ்சள் புள்ளியையும் அம்புக்குறி போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். விழித்திரை எவ்வளவு பசி கொண்ட திசு என்பது அந்தப் படத்தில் தெரியாது. ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன்தான். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் உடலில் மிக அதிகமாக ஆக்சிஜன் கேட்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. அந்தப் பசிக்குச் சோறு கொண்டு போகும் நுண்குழாய்களைத்தான் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. சில குழாய்கள் புடைக்கின்றன, சில கசிகின்றன, சில அடைத்துக்கொள்கின்றன. இத்தனை நடந்தும் வலி இல்லை. பார்வையும் அநேகமாக நன்றாகவே இருக்கும். பெரியம்மா, "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லியே கண் பரிசோதனையைப் பல வருடம் தள்ளிப்போட்டார். இடையில் பார்வை கொஞ்சம் மங்கியபோது, மூக்குக்கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி 280 ரிங்கிட் செலவழித்தார்.

அடைபட்ட பகுதியில் பட்டினி கிடக்கும் விழித்திரை சும்மா இருக்காது. 'புது இரத்தக் குழாய் போடு' என்று ஓர் இரசாயனக் கட்டளையை அனுப்பும். விஇஜிஎஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் புரதத்தை 1989-இல் பிரித்தெடுத்து அடையாளம் கண்டவர்களில் முக்கியமானவர் நெப்போலியோனே ஃபெராரா. கட்டளை நல்ல நோக்கம் கொண்டதுதான். ஆனால் முளைப்பவை அவசரத்தில் கட்டிய வீடு மாதிரியான குழாய்கள். சுவர் பலவீனம். விழித்திரையை விட்டு வெளியே வந்து, கண்ணை நிரப்பியிருக்கும் விழிக்கூழின் மேல் கொடிபோல் படர்கின்றன. ஒரு நாள் உடைகின்றன. அதுதான் ஜன்னலில் மை. பின்னர் அந்தக் கொடியோடு நார்த்திசு வளர்ந்து சுருங்கத் தொடங்கினால், விழித்திரையைச் சுவரிலிருந்து வால்பேப்பரைப் போல் உரித்து இழுத்துவிடும்.

இதற்குச் சிகிச்சை உண்டா? உண்டு, மூன்று வகை. முதலாவது லேசர். அதன் கதை ஒரு சூரிய கிரகணத்தில் தொடங்குகிறது. 1945-இல் கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவரைப் பரிசோதித்த ஜெர்மன் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத், அதே சூட்டை அளவோடு பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். முதலில் கூரையிலிருந்து சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பி நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். (மேகம் வந்தால் சிகிச்சை ரத்து!) இன்றைய லேசர், விழித்திரையின் ஓரப் பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சுடுகிறது. ஏன் சுட வேண்டும்? சுட்ட இடம் ஆக்சிஜன் கேட்காது. பசி குறைந்தால் கட்டளையும் குறையும். ஓரத்தைக் கொஞ்சம் பலி கொடுத்து நடுவைக் காப்பாற்றும் கணக்கு. 1976-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, கடுமையான பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கும் என்று நிரூபித்தது.

இரண்டாவது, அந்தக் கட்டளைப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் ஊசி. மூன்றாவது, விழிக்கூழை வெட்டி உறிஞ்சியெடுத்து, நார்த்திசுவை உரிக்கும் விட்ரெக்டமி அறுவை. 1970-இல் அமெரிக்காவின் மயாமியில் இதைத் தொடங்கிய ராபர்ட் மாக்கெமர், தன் முதல் கருவியைக் கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் சோதித்துப் பார்த்தார். விழிக்கூழுக்கு அவ்வளவு நெருக்கமான பொருள் வேறு என்ன சமையலறையில் கிடைக்கும்?

பாடப்புத்தகமாக இருந்தால் இத்துடன் பாடம் முடிந்துவிடும். கண் மட்டும் தனியாக மருத்துவமனைக்கு வந்தால் மருத்துவருக்கும் வேலை சுலபம். ஆனால் கண்ணோடு சிறுநீரகமும், இருதயமும், மூளைக்குப் போகும் இரத்தக் குழாயும் சேர்ந்தே வருகின்றன. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் நீரிழிவுதான். சிறுநீரகத்தின் நுண்குழாயும் விழித்திரையின் நுண்குழாயும் ஒரே எதிரியிடம் தோற்கின்றன. எனவே, மிக மோசமான கண் பெரும்பாலும் மிக மோசமான உடலில்தான் இருக்கும். கண்ணுக்கு நல்லதெல்லாம் அந்த உடல் தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஊசியையே எடுத்துக்கொள்வோம். பெவாசிசுமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் புதுக் குழாய்களைத் தடுப்பது அதன் வேலை. அடுத்த ஆண்டே மயாமியின் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம். கண்ணுக்குள் போவது 1.25 மில்லிகிராம். 240-இல் ஒரு பங்கு. அளவில் சொன்னால் ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு சொட்டு. கண்ணில் ஊசி என்றதும் நம் மக்கள் பாதிப் பேர் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். மரப்பு மருந்து விட்டபின், கருவிழியின் ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில்தான் அது இறங்கும். பெரியம்மாவின் தீர்ப்பு: "டயாலிசிஸ் ஊசிக்கு முன்னால இது கொசுக்கடி."

அந்த ஒரு சொட்டிலும் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. விஇஜிஎஃப் இருதயத்துக்கும் மூளைக்கும் தேவையான பொருள். ஆகவே அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு, முதல் சில மாதங்களில் இந்த ஊசி போட மருத்துவர்கள் தயங்குவார்கள். ஆபத்து திட்டவட்டமாக நிறுவப்பட்டுவிட்டது என்பதல்ல. தேவையில்லாமல் சீண்ட வேண்டாம் என்ற எச்சரிக்கை. அத்தகையவர்களுக்கு, இரத்தத்தோடு சம்பந்தமே இல்லாத லேசர் மீண்டும் நாயகனாகிவிடுகிறது. எனவே, "எனக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால இருதயத்துல அடைப்பு வந்துச்சு" என்பதைக் கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். கண்ணுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாமே முடிவு செய்து மறைப்பதால் வரும் வினை பெரிது.

மாத்திரையிலும் இதே சிக்கல்தான். புதுக் குழாய்கள் கண்ணின் முன்பகுதிக்குப் பரவி நீர் வடியும் வழியை அடைத்தால், கண் அழுத்தம் திடீரென ஏறும். தலை பிளக்கும் வலி, வாந்தி. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை அசிட்டஸோலமைடு. அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. டயாலிசிஸ் நோயாளிக்குக் கொடுத்தால் உடலில் தேங்கி, மனக் குழப்பம் வரை கொண்டு போய்விடும். அழுத்தம் குறைக்க இரத்தக் குழாயில் ஏற்றும் மன்னிட்டோலும் அவர்களுக்கு ஆகாது. கண்ணைக் காப்பாற்ற கையில் இருக்கும் ஆயுதங்களில் இரண்டு இப்படிப் போய்விடுகின்றன. வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டெராய்டும் அப்படித்தான்: கண்ணுக்குள் வைத்தால் கண் அழுத்தம் ஏறலாம், வாயால் சாப்பிட்டால் சர்க்கரை எகிறும்.

எனக்கே வியப்பாக இருந்த ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரையை வேகமாகக் குறைப்பதுகூட சில நேரம் கண்ணைத் தற்காலிகமாகக் கெடுக்கும். 1993-இல் முடிவு வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரை நோய் வரும் ஆபத்து 76 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஏற்கெனவே கண் கெட்டிருந்த சிலருக்கு முதல் ஆண்டில் நிலைமை மோசமாகி, பிறகுதான் நன்மை தெரிந்தது. இப்போது எல்லாரும் பேசும் செமாகுளுடைடு ஊசியின் 2016 ஆய்விலும் இதன் நிழல் தெரிந்தது. விழித்திரைச் சிக்கல் அந்த ஊசி போட்டவர்களில் 3 விழுக்காட்டினருக்கும், போடாதவர்களில் 1.8 விழுக்காட்டினருக்கும் வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரையைப் பெரிதாக இறக்கும் முன் கண்ணைப் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். இரத்தக் கொதிப்புக்கு இந்த நிபந்தனை எதுவும் இல்லை. 1998-இன் பிரிட்டிஷ் ஆய்வில் அதைக் கட்டுப்படுத்தியதால் மட்டும் விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது.

பெரியம்மாவின் கதைக்கு வருவோம். இடது கண்ணில் மஞ்சள் புள்ளி வீங்கியிருந்தது. வலது கண்ணில் இரத்தத்துக்குப் பின்னால் நார்த்திசு விழித்திரையை இழுத்துக்கொண்டிருப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டியது. இடதுக்கு ஊசியும் லேசரும், வலதுக்கு விட்ரெக்டமி என்று முடிவானது. அறுவையின்போது இரத்தம் கொட்டாமலிருக்க, சில நாட்களுக்கு முன் வலதிலும் ஊசி போட வேண்டும் என்றார் மருத்துவர். அப்போது அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது.

ஊசி போட்டதும் புதுக் குழாய்கள் வாடும். அவை வாடும்போது நார்த்திசு இன்னும் இறுகும். இழுவை கூடும். ஒரு வாரத்துக்குள் அறுவை நடந்தால் நல்லது. நாள் தள்ளிப்போனால், காப்பாற்றப் போட்ட ஊசியே விழித்திரையை உரித்துவிடலாம். அதாவது, ஊசி இறங்கிய நொடியிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆரோக்கியமான ஆளுக்கு அதில் பெரிய சங்கடமில்லை. டயாலிசிஸ் நோயாளிக்கோ அறுவை தள்ளிப்போக நூறு காரணங்கள். பொட்டாசியம் கூடினால் தள்ளிப்போகும். நுரையீரலில் நீர் கோத்தால் தள்ளிப்போகும். மட்டமாகப் படுக்க முடியாவிட்டால் தள்ளிப்போகும். முழு மயக்கம் அவர் இருதயத்துக்கு ஆபத்து என்பதால், கண்ணைச் சுற்றி மட்டும் மரக்கச் செய்துதான் அறுவை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். நீர் கோத்த உடம்பால் அது ஆகாது.

வியாழக்கிழமை ஊசி போட்டாயிற்று. அடுத்த செவ்வாய் அறுவை. ஏன் செவ்வாய்? திங்களன்று டயாலிசிஸ் முடிந்திருக்கும். உடம்பில் நீரும் பொட்டாசியமும் குறைந்திருக்கும். டயாலிசிஸ் இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பரினும் இறங்கியிருக்கும்.

ஞாயிறு இரவு கோல கெட்டிலிலிருந்து போன் வந்தது. பெரியம்மாவோடு தோட்டத்தில் ஒரே நிரையில் மரம் சீவிய தோழி இறந்துவிட்டார். அடக்கம் திங்கள் காலை. "ஒரு நாள் டயாலிசிஸ் போகலன்னா என்னா ஆயிடும்? கண்ணு எங்கயும் ஓடிப்போகாது" என்றார் பெரியம்மா. நாற்பது வருட சிநேகிதம். போகாதே என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன். ஊசி, கடிகாரம், இறுகும் நார் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். வகுப்பறையில் நான் வரைந்த எந்தப் படத்துக்கும் அவ்வளவு பயந்ததில்லை. அவர் படத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் என் அண்ணன்தான் வழி கண்டார். டயாலிசிஸ் மையத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சி, காலை முறைக்குப் பதில் மதிய முறையில் ஓர் இடம் வாங்கினார். விடியற்காலையிலேயே கோல கெட்டில் போய், முகத்தைப் பார்த்துவிட்டு, அடக்கத்துக்கு நிற்காமல் திரும்பினார்கள். அங்கே யாரோ கொடுத்த இளநீரை அண்ணன் வாங்கிக் கீழே வைத்துவிட்டாராம். துக்க வீட்டில் அது மரியாதைக் குறைவுதான். ஆனால் இளநீரிலும், வாழைப்பழத்திலும், டுரியானிலும் பொட்டாசியம் தாராளம். சிறுநீரகம் செத்தவருக்கு அது விளையாட்டல்ல.

இரத்தத்தை இளக்கும் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆப்பரேஷன்னா அந்த மாத்திரையை நிறுத்தணும்" என்று நம் ஆட்கள் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால், கண்ணைக் காப்பாற்றப் போய் மாரடைப்பில் விழக்கூடும். கண் ஊசிக்கோ லேசருக்கோ அதை நிறுத்தத் தேவையில்லை. விட்ரெக்டமிக்கும் பல நேரங்களில் தேவைப்படாது. பெரியம்மாவின் விஷயத்தில் இருதய மருத்துவரைக் கேட்டபின் ஆஸ்பிரின் தொடர்ந்தது.

செவ்வாய்க்கிழமை அறுவை நடந்தது. விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினார்கள். எண்ணெய் மிதக்கும் பொருள். அது சரியான இடத்தில் அழுத்த, நோயாளி சில நாட்கள் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். புதன்கிழமை டயாலிசிஸ் நாற்காலியில், மடியில் இரண்டு தலையணை அடுக்கி, நான்கு மணி நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார் பெரியம்மா. பக்கத்து நாற்காலிக்காரர் அவர் அழுவதாக நினைத்துத் தண்ணீர் கொடுத்தாராம். அளவு தாண்டும் என்று அதையும் குடிக்கவில்லை.

இன்னோர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். இது இரத்தக் கசிவைவிட வேகமானது. நீரிழிவு உள்ளவருக்குக் குளிர்க்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழ் வலி, அத்துடன் ஒரு கண் சிவந்து மங்குகிறது என்றால், கண் சொட்டு மருந்து வாங்கப் போகாதீர்கள். கிளெப்சியெல்லா என்ற கிருமி கல்லீரலில் சீழ்க்கட்டி வைத்து, இரத்தம் வழியாகக் கண்ணுக்குள் இறங்கியிருக்கலாம். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் அதிகம் பதிவாகும் நோய் இது. இங்கே மணிக்கணக்கு முக்கியம். நேராக அவசரப் பிரிவுதான்.

கெடாவில் நம் வசதி அவ்வளவு மோசமில்லை. அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும், சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலும் கண் நிபுணர் பிரிவுகள் உண்டு. அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா வந்துவிட்டது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாகப் போய்க் கண் பார்த்ததைப் போல, நம் தோட்டத்துக்கு யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த அன்றே முதல் படம் எடுக்கக் கேட்கலாம். கர்ப்பம் தரிக்க விரும்பும் நீரிழிவுப் பெண்கள் அதற்கு முன்னரே கேட்க வேண்டும்; கர்ப்பத்தில் இந்த நோய் வேகம் பிடிக்கும்.

சிக்கல் தேதியில்தான். கண் சந்திப்பு திங்களன்று விழுகிறது, டயாலிசிஸும் திங்கள். பாலிங்கிலிருந்து அலோர்ஸ்டாருக்குக் கொண்டுபோக மகனுக்கு லீவு இல்லை. பெரியம்மா தவறவிட்ட இரண்டு கண் சந்திப்புகளும் அப்படிப் போனவைதான். இப்போது அவருடைய கண் அட்டையின் மேல், நான் சிவப்பு மையில் "செலாசா, காமிஸ் மட்டும்" என்று மலாயில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தேதி எழுதும் தாதியர் அதைப் பார்த்துவிட்டுச் செவ்வாயோ வியாழனோ கொடுக்கிறார்கள். இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை.

நான்கு மாதம் கழித்து எண்ணெயை எடுத்தார்கள். வலது கண் பழையபடி வரவில்லை. விரலை எண்ணும், ஆளை அடையாளம் காணும், பேருந்து எண் தெரியாது. இடது கண்தான் இப்போது அவருடைய முழுச் சொத்து. அதற்கு ஆறாவது ஊசி வருகிற வியாழக்கிழமை. போன வாரம் இந்த நாளிதழை மூக்கில் ஒட்டாமல், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மரண அறிவிப்புப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தார்.